தூக்கிப் போகும் பையில் என்ன இருக்கிறது?

கேட்டமைன் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மண்ணடியில் நாலு கடை ஏறி இறங்கி, "கேட்டமைன் என்றால் என்ன பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ மருந்துப் பெயர் மாதிரி இருக்கே" என்பார்கள். ஏதாவது ஒரு கடையில் மட்டும் முகம் மாறும். "அதையெல்லாம் ஏன் கேக்குறீங்க, டீ சாப்பிடுங்க" என்று பேச்சு வேறு பக்கம் போகும். அந்த முகம் ஏன் மாறுகிறது என்பதைத்தான் நாம் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

மருந்துப் பெயர் என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. அது மருந்துதான். அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் மயக்க மருந்து. 1962ல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் மருந்துக் கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியல் அறிஞர் இதைத் தயாரித்தார். 1964ல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு? மிச்சிகன் மாநிலச் சிறையில் இருந்த கைதிகளுக்கு! மனித உரிமை பற்றி உலகத்துக்கு வகுப்பெடுப்பவர்களின் லட்சணம் அது. 1970ல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. வியட்நாம் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு இந்த ஊசியைப் போட்டு அறுவை செய்தார்கள்.

பெரும்பாலான மயக்க மருந்துகள் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும். கேட்டமைனைச் சரியான அளவில், தெரிந்தவர் கொடுத்தால் அந்த அளவுக்கு இறக்காது. அதனால்தான் பெரிய எந்திரங்கள் இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரியிலும் இதைக் கொண்டு ஒரு பிரசவ அறுவையை நடத்த முடிகிறது. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. 2018 ஜூனில் தாய்லாந்துக் குகை வெள்ளத்தில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கிக் கொண்டார்களே, நினைவிருக்கிறதா? அந்தச் சிறுவர்கள் தண்ணீருக்கடியில் பதறிவிடக் கூடாது என்பதற்காக, ஆஸ்திரேலிய மயக்க மருந்து நிபுணர் ரிச்சர்ட் ஹாரிஸ் இதே கேட்டமைனை ஊசியாகப் போட்டு உணர்விழக்கச் செய்தார். அதன் பிறகுதான் முக்குளிப்பவர்கள் அவர்களைச் சுமந்து வெளியே கொண்டு வந்தார்கள்.

நல்லதையும் ஏன் சொல்கிறேன் என்றால், எடுத்த எடுப்பிலேயே "விஷம், விஷம்" என்று கத்தினால் செல்போனில் நாலு பக்கம் படித்துவிட்ட நம் வீட்டுத் தம்பி சிரிப்பான். "ஹஜ்ரத்துக்கு ஒன்றும் தெரியாது, இதை மனச்சோர்வுக்கே மருந்தாக அமெரிக்காவில் அனுமதித்து விட்டார்கள்" என்பான். அதுவும் உண்மைதான் தம்பி. கேட்டமைனின் ஒரு வகையை மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்காக 2019ல் அங்கே அனுமதித்தார்கள். ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. மருத்துவமனையில் உட்கார்ந்து, மருத்துவர் கண் முன்னால் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். டிஸ்கோ விளக்கின் கீழ் எவனோ கொடுத்த பவுடருக்கும் அதற்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?

போதைக்கு மாறும்போது

இரவு விடுதிகளில் இதற்குப் பெயர் 'கே'. 'ஸ்பெஷல் கே', 'விட்டமின் கே' என்று செல்லப் பெயர்களும் உண்டு. விட்டமினாம்! வெள்ளைப் பொடியாக மூக்கில் உறிஞ்சுகிறார்கள்.

மூளைக்குள் குளுட்டமேட் என்ற ரசாயனம் கொண்டு வரும் செய்திகளை வாங்கிக் கொள்ளும் வாசல்கள் இருக்கின்றன. கேட்டமைன் அவற்றில் ஒரு வகையை அடைத்துவிடுகிறது. கண் பார்க்கும், காது கேட்கும், ஆனால் அவை ஒன்றோடொன்று சேராது. உடம்பு ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். தன் கை தன் கையாகத் தெரியாது. மிதப்பது போல் இருக்கும். இந்தப் பிரிவைத்தான் 'சுகம்' என்று விற்கிறார்கள். அளவு கொஞ்சம் கூடினால் அசையவும் பேசவும் முடியாமல், கிட்டத்தட்ட பிணம் போல் கிடக்க வேண்டியதுதான். அந்த நிலைக்கு 'கே ஹோல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழி! அவர்களே வைத்த பெயர்.

அந்தக் குழியில் கிடப்பவனுக்கு வலி தெரியாது. சிகரெட் விரலைச் சுட்டாலும் தெரியாது. வாந்தி வந்தால் புரண்டு படுக்கத் தெரியாது. அதோடு மதுவும் சேர்ந்திருந்தால் மூச்சு அடங்கிப் போகலாம். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஆபத்து. அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 54. கேட்டமைனின் கடும் விளைவே மரணத்துக்குக் காரணம் என்று பிரேத பரிசோதனை சொன்னது. மூழ்கியது துணைக் காரணம். பணத்துக்கோ பெரிய டாக்டருக்கோ குறைவில்லாத மனிதர் அவர்.

அந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2024 ஆகஸ்டில் 5 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். இரண்டு டாக்டர்கள், ஒரு வியாபாரி, வீட்டு உதவியாளர், ஐந்தாவதாக ஒரு நடுவாள். அந்த நடுவாள் செய்தது என்ன? ஒரு இடத்தில் வாங்கி இன்னொரு இடத்தில் கொடுத்தார். அவ்வளவுதான். ஐந்து பேருமே பிறகு குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள். வாங்கிக் கொடுத்தவர் வெறும் சாட்சியாக வெளியே நிற்கவில்லை, குற்றவாளியாகவே நின்றார். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

20 வயதில் முதியவனின் சிறுநீர்ப்பை

மரணத்தைச் சொன்னால் இளைஞர்களுக்குப் பயம் வருவதில்லை. "எனக்கு அப்படி ஆகாது" என்பார்கள். ஆகவே மரணத்தை விட்டுவிட்டு, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

2000களில் ஹாங்காங் இளைஞர்களிடம் மிக அதிகமாகப் பரவியிருந்த போதை இந்தக் கேட்டமைன்தான். அங்கே சிறுநீரக மருத்துவர்களிடம் இளைஞர்களும் இளம் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். கால் மணிக்கு ஒரு தடவை சிறுநீர் முட்டுகிறது, அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, சிறுநீரில் ரத்தம். கிருமித் தொற்று என்று சோதித்தால் கிருமி இல்லை. விசாரித்தபோது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கேட்டமைன். அதே ஆண்டில் கனடாவிலிருந்தும் இதே மாதிரி நோயாளிகள் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அது 2007. நாற்பது ஆண்டுகளாக ஆஸ்பத்திரிகளில் புழங்கிய ஒரு மருந்துக்கு இப்படி ஒரு முகம் இருப்பது அப்போதுதான் மருத்துவ உலகுக்குத் தெரிந்தது. காரணம், அறுவை மேஜையில் ஒரு தடவை ஊசி போட்டுக் கொண்டவருக்கு இது வருவதில்லை. அடிக்கடி உறிஞ்சுபவனுக்குத்தான் வருகிறது.

உறிஞ்சிய மருந்து ரத்தத்தில் ஓடி, சிதைந்து, கடைசியில் சிறுநீரில் வந்து சேர்கிறது. சிறுநீர்ப்பையின் உள்தோலை அது அரிக்கிறது. புண்ணாகி, தழும்பாகி, பை சுருங்கிவிடுகிறது. நல்ல உடம்பில் 400, 500 மில்லி கொள்ளும் பை, முற்றிப் போனவர்களுக்கு 100 மில்லிகூடக் கொள்ளாமல் போகிறது. ஒரு டீ கிளாஸ் அளவு! இரவில் தூக்கம் கிடையாது. பஸ்ஸில் ஏற முடியாது. ஒரு ரக்அத் முடிவதற்குள் ஓட வேண்டும். சுருங்கிய பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கி அழுத்தம் கொடுத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. பித்தக் குழாயும் ஈரலும் பாதிக்கப்படுவது உண்டு. கடைசிக் கட்டத்தில் குடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சிறுநீர்ப்பையோடு ஒட்டுப் போடுகிறார்கள். சிலருக்குப் பையையே எடுத்துவிட்டு வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே பை மாட்டுகிறார்கள். கல்யாணம் பேச வேண்டிய வயதில்!

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கேட்டமைன் வலி தெரியாமல் ஆக்கும் மருந்து அல்லவா? சிறுநீர்ப்பை வலிக்கும்போது அந்த வலியை அடக்க அவன் மறுபடியும் கேட்டமைனையே எடுக்கிறான். புண்ணை உண்டாக்கியதே புண்ணுக்கு மருந்தாகிறது. போதாக்குறைக்கு, உறிஞ்சியதன் போதை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. உடனே இன்னொரு தடவை, இன்னொரு தடவை. உடம்பு பழகப் பழக அளவு ஏறுகிறது. ஞாபக சக்தி குறைகிறது. 'ஆரம்பத்திலேயே அடியோடு நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் குணமாகிறது, நாள் கடத்தியவர்களுக்கு ஆவதில்லை' என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் ஆறுதல்.

ஹாங்காங் பையனுக்கும் மண்ணடிக்கும் என்ன சம்பந்தம்?

"அது எங்கேயோ உள்ள கதை ஹஜ்ரத், நம் பிள்ளைகள் ஓதுகிற பிள்ளைகள்" என்று இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கேதான் நாம் வருகிறோம்.

கேட்டமைனைச் சட்டப்படி பெருமளவில் தயாரிக்கும் நாடு நம் நாடு. ஆஸ்பத்திரிக்கு என்று தயாரானதில் ஒரு பகுதி வழி மாறியது. 2000களில் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போன கள்ளக் கேட்டமைனின் முக்கிய ஊற்று இந்தியா என்பது சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகளிலேயே வந்தது. இந்தியாவில் எந்த வாசல் வழியாக? பல வாசல்கள் இருந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று சென்னை விமான நிலையம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் பயணிகளின் பெட்டிகளில் அந்தப் பொடி திரும்பத் திரும்பப் பிடிபட்டது. உணவுப் பொட்டலங்களுக்குள், பெட்டியின் பொய் அடித்தட்டுக்குள், துணி மூட்டைக்குள்.

பெட்டியைத் தூக்கிப் போனவன் யார்? கம்பெனி முதலாளியா? இல்லை. நம் தெருவில் 'குருவி' என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் தம்பி!

குருவி என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து துணியும் மளிகையும் போகும், அங்கிருந்து எலெக்ட்ரானிக் சாமானும் சென்ட்டும் வரும். டிக்கெட்டும் கைச்செலவும் முதலாளி கொடுப்பார். படிப்பு ஏறாத, வேலை கிடைக்காத, தங்கைக்குக் கல்யாணம் முடிக்க வேண்டிய ஒரு இளைஞனுக்கு அது பிழைப்பு. சுங்க வரியை ஏமாற்றுவது சரியா தவறா என்ற விவாதம் தனியாக இருக்கட்டும். நான் சொல்ல வருவது அந்தத் தொழில் பழக்கிய ஒரு பழக்கத்தை. பையில் என்ன இருக்கிறது என்று குருவி கேட்பதில்லை. கேட்டால் அடுத்த டிக்கெட் கிடைக்காது. பத்து தடவை சேலை மூட்டையைச் சுமந்தவனிடம் பதினோராவது தடவை கொடுத்த பையில் இரண்டு கிலோ வெள்ளைப் பொடி இருந்தால் அவனுக்கு எப்படித் தெரியும்?

சிலருக்குத் தெரிந்தும் இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு இளைஞர் தனியாகக் கூப்பிட்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளை. சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "ஹஜ்ரத், நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பீடி சிகரெட் கூடக் கிடையாது. பையை இந்த ஊரில் வாங்கி அந்த ஊரில் கொடுக்கிறேன். அங்கே வாங்குறவங்களும் நம்ம ஆளுங்க இல்லை. இதுல என் மேல என்ன இருக்கு?"

மதுவின் விஷயத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தது பத்துப் பேரை என்பதை மதரசாவில் சின்னப் பிள்ளைகள்கூட ஓதியிருப்பார்கள். குடிப்பவன் அந்தப் பத்தில் ஒருவன்தான். சுமந்து போகிறவனும் அதில் இருக்கிறான். யாரிடம் கொண்டு சேர்க்கப்படுகிறதோ அவனும் இருக்கிறான். விற்பவன், வாங்குபவன், அந்தக் காசைத் தின்பவன் எல்லோரும் இருக்கிறார்கள். போதை தருவது எதுவாக இருந்தாலும், பாட்டிலில் வந்தாலும் பொடியாக வந்தாலும், சட்டம் ஒன்றுதான். "வாங்குபவன் நம்மவன் இல்லை" என்கிறாயே தம்பி, அந்தக் கோலாலம்பூர்ப் பையனின் சிறுநீர்ப்பை புண்ணாகும்போது அவனுக்கு வலிக்காதா? அவனைப் பெற்றவள் அழ மாட்டாளா? அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் வயிறாரச் சாப்பிடக் கூடாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அண்டை நாட்டானுக்கு விஷம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து முதல் ஸஃப்பில் நிற்கலாமா?

பழைய கணக்கு செல்லாது

மார்க்கெட்டில் இன்னும் ஒரு பழைய கணக்கு ஓடிக் கொண்டிருக்கிறது. "பிடிபட்டால் கொஞ்ச நாள் உள்ளே இருக்கணும், வக்கீல் வச்சுப் பெயில் எடுத்துடலாம், குடும்பத்தை நான் பாத்துக்கறேன்" என்று பை கொடுப்பவன் சொல்கிறான். ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கேட்டமைன் அப்போது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரவில்லை. சுங்கச் சட்டத்தில்தான் வழக்குப் போட்டார்கள்.

2011ல் அந்தக் கதை முடிந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கேட்டமைனைக் கொண்டு வந்துவிட்டார்கள். 500 கிராமுக்கு மேல் இருந்தால் அது 'வணிக அளவு'. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். இரண்டு கிலோ பை என்றால் அந்த அளவைப் போல் நான்கு மடங்கு. பெயிலா? இந்தச் சட்டத்தின் 37ஆவது பிரிவை ஒரு வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். வணிக அளவு வழக்கில், 'இவன் குற்றம் செய்திருக்க மாட்டான் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது' என்று நீதிபதிக்கே பட்டால்தான் ஜாமீன். விசாரணை முடியும் வரை உள்ளேயே கிடந்தவர்கள் ஏராளம்.

"பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பலாமா? மற்ற குற்ற வழக்குகளில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீஸ். இந்தச் சட்டத்திலோ, பொருள் உன் கையில் இருந்தது என்று காட்டிவிட்டால் தெரிந்தேதான் வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் அனுமானித்துக் கொள்ளலாம். தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பாய்? பை கொடுத்தவன் சாட்சி சொல்ல வருவானா? அவன் அன்றைக்கே செல்போன் நம்பரை மாற்றியிருப்பான்.

இங்கே தப்பி அங்கே இறங்கினால்? மலேசியாவின் 1952ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கடத்தலுக்கு நெடுங்காலம் தூக்கு ஒன்றே தண்டனை. கட்டாய மரண தண்டனையை 2023ல் முற்றிலும் நீக்கினார்கள். இதை வைத்து "அங்கே இப்போ தூக்கு இல்லை" என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். பொய்! தூக்கு போகவில்லை. நீதிபதி விரும்பினால் கொடுக்கலாம் என்று மாறியிருக்கிறது. கொடுக்காவிட்டால் ஆயுள் சிறை, அதோடு குறைந்தது 12 பிரம்படி. சிங்கப்பூரிலும் சிறையோடு பிரம்படி சேர்ந்தே வரும். பாஸ்போர்ட்டில் இரண்டு முத்திரை விழுந்தவுடன் உலகம் தெரிந்தவன் என்று நினைத்துக் கொள்ளும் தம்பிகளே, அந்த நாட்டுச் சிறைக்குத் தாயார் வந்து பார்க்க விசாவுக்கும் விமானத்துக்கும் யார் பணம் கொடுப்பது? குடும்பத்தைப் பார்த்துக் கொள்கிறேன் என்றவன் எத்தனை மாதம் பார்த்தான் என்பதை, பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் போய்க் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். முதல் நோன்புப் பெருநாளைக்குப் புடவை வந்தது, இரண்டாவது பெருநாளைக்கு ஆளே வரவில்லை என்றார்கள்.

வணிகர்களுக்கு

வியாபாரிகளே, "நாங்கள் பை கொடுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை" என்று ஒதுங்கிவிட முடியாது. குடோனை மாத வாடகைக்கு விடுகிறீர்கள். என்ன சரக்கு இறங்குகிறது என்று கேட்பதில்லை. ஏற்றுமதி லைசென்ஸை, 'சும்மாதானே கிடக்கு' என்று தெரிந்தவருக்குக் கொடுக்கிறீர்கள். கூரியர் அனுப்ப ஆதார் நகல் கொடுக்கிறீர்கள். தெரிந்தே இடம் கொடுத்த கட்டட உரிமையாளரையும் வண்டி உரிமையாளரையும் இந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு கடத்தியவனுக்குச் சமமாகவே வைக்கிறது. பணம் போட்டவனுக்கு 27ஏ என்று தனிப் பிரிவு. அதற்கும் 10 முதல் 20 ஆண்டு. கடத்தலில் வந்த சொத்தைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎபெட்ரின் பிடிபட்டதே, அது கேட்டமைன் அல்ல, வேறொரு போதைப் பொடியைத் தயாரிக்கும் மூலப்பொருள். சத்து மாவு, தேங்காய்ப் பவுடர் போன்ற உணவுச் சரக்குக்குள் மறைத்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பினார்கள் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அந்த வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அன்று முதல் தேங்காய்ப் பவுடர் ஏற்றுமதி செய்கிற நேர்மையான வியாபாரியின் கண்டெய்னர் மீதும் சந்தேகக் கண் விழாதா? பாட்டன் காலத்திலிருந்து பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நாணயத்தைக் காட்டிக் கடை நடத்தியவர்களின் பேரன்மார், அங்கே இமிக்ரேஷன் வரிசையில் தனியாக ஒதுக்கி நிறுத்தப்பட்டால் அந்த அவமானம் யார் சம்பாதித்துக் கொடுத்தது?

"முஸ்லிம் என்பதால்தான் பிடிக்கிறார்கள்" என்று சிலர் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நம் இளைஞர்கள் பொய் வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியதை நாம் பார்த்தவர்கள். அதற்காகத் தெருவில் இறங்கியவர்கள். அதனாலேயே சொல்கிறேன்: எல்லாப் பிடிபடுதலையும் சதி என்று சொன்னால் உண்மையான சதிக்கு எதிராக நாம் எழுப்பும் குரலை யாரும் நம்ப மாட்டார்கள். அதிகாரிகளையும் நாம் கேட்க வேண்டியது உண்டு. குருவியைப் பிடித்துப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறீர்களே, அந்தப் பொடி தயாரான தொழிற்சாலை எது? மூட்டைக் கணக்கில் வெளியே போனதை எந்த அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டார்? மருந்துக் கம்பெனி முதலாளியின் பெயரை எத்தனை பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டீர்கள்? கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால் கேட்பதற்கு முன்னால் நம் வீட்டு வாசலைப் பெருக்க வேண்டாமா?

பை கொடுப்பவன் யாரென்று பல மஹல்லாக்களில் தெரியும். தெரிந்தும் ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு அவன் அனுப்பும் அரிசி மூட்டையை இறக்கிக் கொள்கிறோம். பள்ளிவாசல் மாடி கட்ட ரசீதுப் புத்தகத்தோடு முதலில் அவன் கடைக்குத்தான் போகிறோம். மேடையில் சால்வை போடுகிறோம். பெயரைச் சொல்லி மைக்கில் திட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவதூறிலும் அடிதடியிலும் போய் முடியும். அவன் காசு வேண்டாம் என்று நிர்வாகக் கமிட்டியில் ஒரு தீர்மானம் போட முடியாதா? மாடி இரண்டு வருடம் கழித்து எழும்பட்டும்.

குருவியாகப் போகும் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த வேலையை விட்டுவிடு என்பதுதான் என் முதல் யோசனை. விட முடியாத நிலை என்றால், உன் கையால் கட்டாத பையை உன் பெயரில் ஏற்றாதே. பிரித்துக் காட்டச் சொல், பொட்டலத்தை மாற்றிக் கட்டு. பிரிக்க வேண்டாம் என்று எவன் தடுக்கிறானோ அவனிடம் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா. டிக்கெட் காசுக்குக் கடன் சொன்னாலும் பரவாயில்லை.

இந்தப் பொடி நம் வீட்டுப் பிள்ளைகளையும் தொடாமல் விடவில்லை. காலேஜ் ஹாஸ்டலில், பிறந்தநாள் பார்ட்டியில், கடற்கரைச் சாலை விடுதிகளில் கை மாறுகிறது. போலீஸுக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். பயன்படுத்தியவனோ, சிறிய அளவு வைத்திருந்து சிக்கியவனோ தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்ந்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற இதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, காசில்லாமல் பேசலாம்.

உங்கள் மகன் இரவில் ஏழெட்டுத் தடவை எழுந்து கழிவறைக்குப் போகிறானா? அடிவயிற்றைப் பிடித்துக் கொண்டு சுருண்டு கிடக்கிறானா? சூடு பிடித்திருக்கும் என்று இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். சிறுநீரக டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கிருமித் தொற்று என்று மாத்திரை எழுதுவார். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் குழம்புவார். அப்போது பிள்ளையைத் திட்டாமல், நீங்களே வெட்கத்தை விட்டு, "இவன் கேட்டமைன் எடுத்திருக்கலாம் டாக்டர்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் தெரிந்தால்தான் அவரால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.